ஐரோப்பாவில் ஒரு நாள் கையில் இருந்தால்: ஆஷ்விட்ஸா, டாஹாவா, சாக்சன்ஹௌசனா, மைதானெக்கா?

ஷெங்கன் விசா கைக்கு வந்து பயணத் திட்டம் போட உட்காரும்போது பலர் கேட்கும் கேள்வி இது: "நாஜி முகாம் ஒன்றைக் கட்டாயம் பார்க்கணும். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எங்கே போவது?" டிராவல் ஏஜென்ட்டைக் கேட்டால் தன்னிடம் எந்த ஊர் பேக்கேஜ் இருக்கிறதோ அதைச் சொல்வார். இணையத்தில் தேடினால் ஆஷ்விட்ஸ் என்ற ஒரே பதில்தான் வரும். அது பாதி சரி.

எது பெரியது, எது முக்கியம் என்று வரிசைப்படுத்தப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. இந்த நான்கும் ஒரே வேலைக்காகக் கட்டப்பட்ட இடங்கள் அல்ல. டாஹாவும் சாக்சன்ஹௌசனும் ஆட்சியை எதிர்த்தவர்களை அடைத்துவைக்கவும், அடிமை வேலை வாங்கவும், வெளியே இருப்பவர்களை மிரட்டவும் நடத்தப்பட்டவை. பட்டினி, நோய், அடி, துப்பாக்கிச்சூடு எனப் பல வகையில் அங்கே மக்கள் செத்தார்கள். ஆஷ்விட்ஸின் இரண்டாவது முகாமான பிர்கெனாவ் வேறு ரகம். ரயிலில் வந்திறங்கிய யூதர்களில் பெரும்பாலோரை, முகாம் பதிவேட்டில் பெயர்கூட ஏற்றாமல், சில மணி நேரத்துக்குள் விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். மைதானெக்கில் இரண்டும் நடந்தன.

முதல் மூன்று இடங்களையும் ஒரே ஆளின் உத்தியோக வரலாறு இணைக்கிறது. ருடால்ஃப் ஹோஸ் 1934இல் டாஹாவில் காவல் வேலையில் சேர்ந்தான். 1938இல் சாக்சன்ஹௌசனுக்கு மாற்றலானான். 1940 மே மாதம் ஆஷ்விட்ஸின் தளபதியானான். (ஹிட்லரின் துணைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் வேறு ஆள்; இருவரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.) டாஹாவில் வகுத்த விதிகள் சாக்சன்ஹௌசனில் நிர்வாகமாக வளர்ந்தன, ஆஷ்விட்ஸில் அதே நிர்வாகம் கொலைத் தொழிற்சாலையை நடத்தியது. அதனால், இந்த வரலாற்றின் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஊர் அதன்பின் தானாக அமையும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: அந்த இடம் எதைக் காட்டுகிறது. இரண்டாவது, இன்று நிற்பதில் எவ்வளவு அசல், எவ்வளவு பிற்பாடு கட்டியது. மூன்றாவது நுழைவுச் சீட்டு. நான்கு இடத்திலும் நுழைவு இலவசம்தான், ஆனால் இலவசம் என்றால் நேரே போய் நுழைந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. நான்காவது, போய் வரும் நேரமும் கால்களின் தெம்பும். கடைசியாக, கூட வருவது யார் என்பது. குழந்தையோ வயதான பெற்றோரோ வந்தால் முதல் நான்கையும் இது ஒன்றே புரட்டிப் போட்டுவிடும்.

| | ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் | டாஹாவ் | சாக்சன்ஹௌசன் | மைதானெக் |
|---|---|---|---|---|
| எங்கிருந்து போவது | கிராக்கோ (போலந்து), சுமார் 70 கி.மீ. | மியூனிக், சுமார் 20 கி.மீ. | பெர்லின், சுமார் 35 கி.மீ. | லுப்லின் (போலந்து) நகருக்குள்ளேயே |
| இயங்கிய காலம் | 1940–1945 | 1933–1945 | 1936–1945 | 1941–1944 |
| கொல்லப்பட்டோர், இறந்தோர் | சுமார் 11 லட்சம் | குறைந்தது 41,500 | பல்லாயிரக்கணக்கானோர் | சுமார் 78,000 |
| தனி ஆளுக்கு முன்பதிவு | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் |
| நேரம் (பயணத்துடன்) | முழு நாள் | 5–6 மணி | 6 மணி | லுப்லினில் தங்கினால் அரை நாள் |

## ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ்

என்ன தெரியும்: இது ஒன்றுக்கொன்று மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு முகாம்கள். முதல் முகாம் செங்கல் கட்டடங்கள். பழைய ராணுவக் குடியிருப்பு. 1940 ஜூன் 14 அன்று 728 போலந்து அரசியல் கைதிகள் இங்கே வந்தார்கள். 1941 செப்டம்பரில் 11ஆம் கட்டடத்தின் நிலவறையில் சோவியத் போர்க்கைதிகள் மீதும் நோயுற்ற போலந்துக் கைதிகள் மீதும் சைக்ளோன் பி என்ற விஷவாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்காட்சிகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன: சுமார் இரண்டு டன் தலைமுடி, லட்சத்துக்கும் மேற்பட்ட காலணிகள், 3,800 அளவில் பெட்டிகள். அந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலவற்றில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். பெட்டி திரும்பக் கிடைக்கும் என்று நம்பி எழுதியவை.

இரண்டாவது முகாமான பிர்கெனாவில் கண்காட்சி குறைவு, பரப்பு அதிகம். சுமார் 170 ஹெக்டேர். மரக் கொட்டகைகள் ஒவ்வொன்றும் 52 குதிரைகளுக்காக வடிவமைத்த லாயம். குதிரையைக் கட்டும் இரும்பு வளையங்கள் சில சுவர்களில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 400 பேருக்கு மேல் அடைத்தார்கள். பல கொட்டகைகள் அழிந்து செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கும். முகாமுக்குள் நுழையும் தண்டவாளம் 1944 மே மாதம்தான் முடிந்தது. ஹங்கேரியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொண்டுவருவதற்காக. அந்தத் தண்டவாளத்தின் முடிவில் இருபுறமும் தகர்ந்து கிடப்பவை, 1945 ஜனவரியில், முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை வெடி வைத்துத் தகர்த்த, விஷவாயு அறையோடு கூடிய இரண்டு தகன உலைக் கட்டடங்கள். நான்காவது தகன உலையைச் சேதப்படுத்தியது, அங்கே பிணம் எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகளே: 1944 அக்டோபர் 7 கிளர்ச்சியில்.

எது அசல்: பெரும்பாலும் அசல். முதல் முகாமில் இருக்கும் விஷவாயு அறையும் உலையும் மட்டும் போருக்குப் பின் ஓரளவு சீரமைக்கப்பட்டவை. பிர்கெனாவின் இடிபாடுகளை யாரும் மறுபடி கட்டவில்லை.

எங்கே சறுக்கும்: நுழைவுச் சீட்டு பெயரிட்டது; வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. டிக்கெட்டில் "எஸ். முருகன்" என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் இருந்தால் வீண் விசாரணை. இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். பை 35 × 25 × 15 செ.மீ. அளவைத் தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள். கிராக்கோ ஹோட்டலைக் காலி செய்துவிட்டு டிராலியுடன் நேரே வருகிறவர்கள் வாசலில் அரை மணி நேரத்தை இழப்பது இதனால்தான்.

வழிகாட்டியுடன் போகும் பொதுச் சுற்று மூன்றரை மணி நேரம்: முதல் முகாமில் ஏறத்தாழ இரண்டு மணி, மீதி பிர்கெனாவில். காதில் ஹெட்போன், முன்னால் ஓடும் குழு. நின்று பார்க்க வழியில்லை. 27ஆம் கட்டடத்தில், இஸ்ரேலின் இன அழிப்பு நினைவு அமைப்பான யாத் வாஷெம் அமைத்த கண்காட்சியில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைத் தாங்கிய ஆளுயரப் பெயர்ப்புத்தகம் இருக்கிறது. பொதுச் சுற்றில் அதற்கு நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆறு மணி நேர ஆய்வுச் சுற்று எடுக்க முடிந்தால் அதையே எடுங்கள். முடியாவிட்டால், பொதுச் சுற்று முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் பிர்கெனாவில் தனியாக ஒரு மணி நேரம் நடங்கள். முகாம் மூடும்வரை யாரும் வெளியேறச் சொல்ல மாட்டார்கள். டிசம்பரில் பிற்பகல் 2 மணியோடு நுழைவு முடியும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாலை 7 வரை.

வழிகாட்டி இல்லாமல் போகும் இலவசச் சீட்டு சில நேரங்களுக்கு மட்டுமே உண்டு, கோடையில் அது வேகமாகத் தீர்ந்துவிடும். ஆங்கிலச் சுற்றும் அப்படித்தான். தீர்ந்துவிட்டால் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தையே திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தான இடங்கள் மறுபடி வரும். மூன்று மடங்கு விலைக்குப் பேக்கேஜ் வாங்குவதைக் கடைசி வழியாக வையுங்கள். பல பேக்கேஜ்களில் புறப்படும் நேரத்தை முதல் நாள் மாலைதான் சொல்கிறார்கள். காலை ஆறும் ஆகலாம், பகல் பன்னிரண்டும் ஆகலாம். அந்த நாளில் வேறெதையும் நம்பித் திட்டமிட முடியாது.

எப்போது இதுவே சரி: வாழ்நாளில் ஒரே ஒரு முகாமைத்தான் பார்க்கப்போகிறீர்கள், யூத இன அழிப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

## டாஹாவ்

என்ன தெரியும்: ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. டாஹாவ் முகாம் திறந்தது மார்ச் 22. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் ரகசியமாக அல்ல. எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார், செய்தித்தாள்களில் வந்தது. முதலில் அடைபட்டவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும். 1938 நவம்பரில் யூதர்கள் மீது நாடு முழுக்க ஏவிய கலவரத்தைத் தொடர்ந்து சுமார் 11,000 யூத ஆண்களை இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டில் சட்டம் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பராமரிப்புக் கட்டடத்தில் உள்ள கண்காட்சி இந்த வரிசையை வருடவாரியாகச் சொல்கிறது, நான்கு முகாம்களிலும் வாசித்துப் புரிந்துகொள்ள எளிதானது அதுதான்.

இந்தியர்களுக்கு இங்கே நின்று பார்க்க ஒன்று இருக்கிறது. திப்பு சுல்தான் வழிவந்தவரும் பிரிட்டிஷ் ரகசிய சேவையின் ரேடியோ இயக்குநராகப் பாரிஸில் வேலை செய்தவருமான நூர் இனாயத் கானை, 1944 செப்டம்பர் 13 அன்று மேலும் மூன்று பெண் உளவாளிகளோடு இங்கே சுட்டுக் கொன்றார்கள். தகன உலைக் கட்டடத்தில் நால்வரின் பெயரையும் தாங்கிய நினைவுப் பலகை இருக்கிறது. தெரியாமல் போனால் கண்ணில் படாது.

எது அசல்: வாசல் கட்டடம், சிறைக் கட்டடம், தகன உலை ஆகியவை அசல். கைதிகள் தங்கிய கொட்டகைகள் இரண்டும் பின்னர் கட்டியவை. மற்றவற்றுக்கு அடித்தளக் கோடுகள் மட்டும். இங்கும் ஒரு விஷவாயு அறை உண்டு: தாழ்ந்த கூரை, போலிக் குளியல் குழாய்கள், கதவுக்கு மேல் குளியலறை என்று ஜெர்மனில் எழுத்து. ஆனால் இங்கே அதைக் கொண்டு கூட்டக் கொலை நடக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். "டாஹாவ் விஷவாயு அறையில் ஆயிரக்கணக்கானோர்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள், இன அழிப்பே நடக்கவில்லை என்று வாதிடும் கூட்டத்துக்குத்தான் தீனி போடுகிறார்கள்.

எங்கே சறுக்கும்: மியூனிக் நகர டிக்கெட் இங்கே செல்லாது. எஸ் 2 ரயிலில் டாஹாவ் நிலையத்துக்கும், அங்கிருந்து 726 எண் பஸ்ஸில் நினைவிடத்துக்கும் சேர்த்து எம்-1 மண்டல நாள் டிக்கெட் எடுக்க வேண்டும். எம் மட்டும் எடுத்துச் சோதகரிடம் மாட்டினால் அபராதம், வெளிநாட்டவர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. நடக்கலாம் என்றால் நிலையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். திங்கட்கிழமையும் திறந்திருக்கும், டிசம்பர் 24 மட்டும் மூடல். வழிகாட்டிச் சுற்று இரண்டரை மணி.

எப்போது இதுவே சரி: முன்பதிவு எதுவும் செய்யாமல் மியூனிக்கில் ஒரு நாள் கிடைத்தவர்களுக்கு. ஆஷ்விட்ஸுக்கு மாற்று என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். தொடக்கத்தைப் பார்க்கப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

## சாக்சன்ஹௌசன்

என்ன தெரியும்: எஸ்.எஸ். காகிதத்தில் வரைந்து கட்டிய முன்மாதிரி முகாம். முக்கோண வடிவம், அடிப்பக்கத்தின் நடுவிலுள்ள கோபுரத்திலிருந்து ஒரு இயந்திரத் துப்பாக்கியே மொத்தக் கொட்டகைகளையும் குறிபார்க்கலாம் என்பது திட்டம். கைதிகள் பெருகியதும் முக்கோணம் போதாமல் போய்த் திட்டம் பிசகியது. 1938இலிருந்து எல்லா முகாம்களையும் நிர்வகித்த தலைமை அலுவலகம் இதே ஒரானியன்பர்க் ஊரில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொன்றவர்கள் உட்கார்ந்த இடம். அணிவகுப்புத் திடலைச் சுற்றி வெவ்வேறு தரைகள் பதித்த பாதை உண்டு: ராணுவக் காலணி எவ்வளவு நாள் உழைக்கும் என்று சோதிக்க, கைதிகளை அதன்மேல் நாள் முழுக்க நடக்கவைத்தார்கள். 1941 இலையுதிர் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளைப் பிடரியில் சுட்டுக் கொன்றதும் இங்கே.

போர் முடிந்தும் முகாம் மூடவில்லை. 1945 முதல் 1950 வரை சோவியத் ரகசியக் காவல்துறை நடத்தியது. சுமார் 60,000 பேரை அடைத்ததில் 12,000 பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். அதற்கும் தனிக் கண்காட்சி உண்டு.

எங்கே சறுக்கும்: பெரும்பகுதி வெட்டவெளி. ஒலி வழிகாட்டி எடுக்காமல் நுழைந்தால் சரளைக் கல்லை மட்டும் பார்த்துத் திரும்புவீர்கள். எஸ் 1 ரயிலுக்கு ஏபிசி மண்டல டிக்கெட் வேண்டும், ஏபி போதாது. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. குளிர்காலத் திங்கட்கிழமைகளில் வளாகம் திறந்திருந்தாலும் உள்ளிருக்கும் கண்காட்சிகள் மூடியிருக்கும். அன்று போவது வீண்.

பெர்லினிலேயே இதற்குப் போட்டி: யூதர் அழிப்பே உங்கள் நோக்கம் என்றால், அதே நாளை நகருக்குள் செலவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து. காலையில், 2005இல் திறந்த 2,711 கான்கிரீட் கற்களின் நினைவிடமும் அதன் அடியிலுள்ள தகவல் மையமும் (மையத்துக்குத் திங்கள் விடுமுறை). பிற்பகலில் வான்சே மாளிகை. எஸ் 1 அல்லது எஸ் 7, பிறகு 114 எண் பஸ். 1942 ஜனவரி 20 அன்று யூதர் அழிப்பை எப்படி ஒருங்கிணைப்பது என்று பதினைந்து அதிகாரிகள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பேசிய கூட்டத்தின் குறிப்பை அங்கே பார்க்கலாம். நாடு வாரியாக யூதர் எண்ணிக்கைப் பட்டியல், மொத்தம் 1.1 கோடி. எஸ்தோனியாவுக்கு நேரே எண் இல்லை. "யூதர் அற்றது" என்று ஒரு குறிப்பு.

## மைதானெக்

நம்மூர்ப் பயணத் திட்டங்களில் இந்தப் பெயரே வருவதில்லை. வர வேண்டும். 1944 ஜூலையில் சோவியத் செஞ்சேனை வந்த வேகத்தில் ஜெர்மானியர்களால் எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. அதனால் விஷவாயு அறைகள் நின்ற நிலையிலேயே கிடைத்தன. சுவரில் வாயு படிந்த நீலக் கறை இன்னும் இருக்கிறது. பிர்கெனாவில் இடிபாடாகப் பார்ப்பதை இங்கே அறையாகப் பார்க்கிறீர்கள். இறந்த சுமார் 78,000 பேரில் 59,000 பேர் யூதர்கள். 1943 நவம்பர் 3 ஒரே நாளில் இங்கே 18,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். குழிகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சாம்பல் மேட்டை மூடிய குவிமாடம் நிற்கிறது.

கூட்டம் இல்லை, வரிசை இல்லை, பின்னாலிருந்து தள்ளும் குழு இல்லை. லுப்லின் நகர பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். முள்வேலிக்கு அருகிலேயே வீடுகள். அன்றும் ஊர் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மறைமுகச் செலவு பயணம்தான். வார்சாவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். வார்சாவுக்கு வருகிறவர்களுக்கு, ஆஷ்விட்ஸ் சீட்டு கிடைக்காதவர்களுக்கு, ஏற்கெனவே ஆஷ்விட்ஸ் பார்த்துவிட்டுக் குழு வேகத்தில் எதுவும் மனதில் நிற்கவில்லை என்பவர்களுக்கு இதுதான். உள்ளே நான்கைந்து கிலோமீட்டர் நடை, நிழல் கிடையாது.

## கூட வருவது யார்

14 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்று ஆஷ்விட்ஸ் நிர்வாகமே அறிவுறுத்துகிறது. "தெரிந்துகொள்ளட்டும்" என்று எட்டு வயதுக் குழந்தையைக் கூட்டிப்போவதில் பயனில்லை. ஒன்று பயந்துபோகும், இல்லையென்றால் சலித்துப்போய்க் குழுவுக்கே தொந்தரவாகும். பத்து வயதுக்கு மேல் என்றால் ஆம்ஸ்டர்டாமில், நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டை யோசியுங்கள்: 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை எட்டுப் பேர் ஒளிந்திருந்த இடம், ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம். டிக்கெட் இணையத்தில் மட்டும். ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்குத் திறக்கும். படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

வயதான பெற்றோர் என்றால் டாஹாவ் சுலபம். சமதளம், நெருக்கமான வளாகம். ஆஷ்விட்ஸ் முதல் முகாமில் கட்டடத்துக்குக் கட்டடம் தேய்ந்த படிகள், பிர்கெனாவில் கரடுமுரடான சரளை. சக்கர நாற்காலியில் பெரும்பாலான கண்காட்சிகளுக்குள் போக முடியாது.

## எல்லா இடத்துக்கும் பொருந்துவது

குளிர்காலத்தில் கொட்டகைகளுக்குள்ளும் வெளியே அடிக்கும் அதே குளிர்தான். ஹோட்டலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து கடை என்று பழகிய ஜாக்கெட் போதாது. தெர்மல், கையுறை, ஈரம் புகாத ஷூ மூன்றும் வேண்டும். முகாம் வளாகத்துக்குள் சாப்பிடக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழிக்கு ஏதாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ஆஷ்விட்ஸில் தலைமுடி இருக்கும் அறையிலும் 11ஆம் கட்டட நிலவறையிலும் கேமராவையே வெளியே எடுக்கக் கூடாது. பிர்கெனாவ் தண்டவாளத்தின் மேல் கை விரித்து நடந்து போஸ் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி அருங்காட்சியகம் 2019இல் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. டூர் குழுக்களில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் செய்தால் பத்துப் பேர் செய்வார்கள்.

கிராக்கோவில் விற்கும் "ஆஷ்விட்ஸ் + வியலிச்கா உப்புச் சுரங்கம், ஒரே நாள்" பேக்கேஜை வாங்காதீர்கள். பதினொரு பன்னிரண்டு மணி நேர அலைச்சல், நேரம் இடித்தால் முதலில் வெட்டுப்படுவது பிர்கெனாவ்தான். சுரங்கம் கிராக்கோவிலிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. மறுநாள் காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்பிவிடலாம்.